கொசுவத்திச் சுருள்: சிங்காரப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் பொருள், கொசுவத்திச் சுருள். களம், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்துச் சிங்காரப்பேட்டை. பெங்களூர், ஓசூர்ப் பக்கமிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பௌர்ணமிதோறும் பேருந்தில் தொங்கியபடி கடக்கும் ஊர் இது. 1767-இல் ஐதர் அலியின் படை துரத்த, கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படை சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியாகத்தான் செங்கத்துக்குப் பின்வாங்கியது. கம்பெனிப் படை பின்வாங்கியதற்கு ஆவணம் இருக்கிறது. கொசு பின்வாங்கியதற்கு இல்லை. களத்தேர்வுக்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை.

முதற்கண் பிரித்தலியல். பெட்டிக்குள் சுருள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்றின் இடைவெளிக்குள் இன்னொன்று புகுந்து, இரண்டும் சேர்ந்து ஒரே வட்டமாகக் கிடக்கும். இவற்றைப் பிரிப்பதில் இரண்டு மரபுகள் உண்டு. நடுவில் கட்டைவிரலை வைத்து மெல்ல அமுக்கி எடுப்பது ஒன்று. வெளிமுனையைப் பிடித்து வாழைநார் உரிப்பதுபோல் உரிப்பது மற்றொன்று. இரு மரபினரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: ஒன்று உடையும். உடைந்ததைத் தூக்கி எறிபவரை இன்னும் கண்டதில்லை. துண்டுகள் கதவிடுக்கிலும் செங்கல் சந்திலும் பாதி உருளைக்கிழங்கிலும் செருகப்பட்டுத் தத்தம் கடமையை ஆற்றுகின்றன. பெட்டியோடு வரும் தகர ஸ்டாண்டு என்ன ஆகிறது என்ற கேள்வியை இயற்பியலாரிடம் விட்டுவிடுவோம்.

இனி வரலாறு. ஜப்பானில் எயிச்சிரோ உயேயாமா என்பவர் 1890 வாக்கில் முதலில் செய்தது நேர்க்குச்சி. முக்கால் மணி நேரத்துக்குள் அது எரிந்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு விடியும்வரை கொசுவின் ராஜ்யம். 1895-இல் அதைச் சுருளாக வளைக்கலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. சுருள் 1902-இல் கடைக்கு வந்தது, ராத்திரி முழுக்க எரிந்தது. அதில் சேர்த்த மருந்து பைரெத்ரம் என்னும் பூவின் பொடி. நம் மாவட்டத்துத் தோட்டங்களில் மாலைக்காகப் பயிராகும் சாமந்திக்கு அது தூரத்து உறவு. உறவாயிற்றே என்று மாலையைக் கொளுத்திப் பார்க்க வேண்டாம். 1949-இல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் அப்பூவின் சரக்கைப் போன்ற அலெத்ரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். பூவின் வேலையை ரசாயனம் எடுத்துக்கொண்டது.

இப்போது ஆய்வின் மையக் கருதுகோள்: கொசுவத்தி என்பது விறகு. என்னை எனின், சுருளின் எடையில் பூச்சிமருந்து பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய்த்தொட்டித் தூள், இவற்றைப் பிடித்து வைக்க மாவுப் பசை, பார்வைக்குப் பச்சை நிறம். அடுப்படியில் ஊதாங்குழலோடு பட்ட பாடு போதும் என்றுதான் கேஸ் அடுப்பு வந்தது. 2006-க்குப் பிறகு தமிழ்நாடு அரசே ஏழை வீடுகளுக்கு அதை இலவசமாகக் கொடுத்தது. அப்படி வெளியேற்றிய விறகைத்தான் அழகான பெட்டியில் காசு கொடுத்து வாங்கிவந்து, அடுப்படியில் அல்ல, கைக்குழந்தை தூங்கும் அறையில் கொளுத்துகிறோம். அடுப்படிக்காவது புகைபோக்கி இருந்தது. இங்கே கொசு வந்துவிடும் என்று ஜன்னலையும் சாத்திவிடுகிறோம்.

மிகைப்படுத்தல் என்போர் 2003-இல் 'என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்' இதழில் வந்த ஆய்வைப் பார்க்கலாம். சீன, மலேசியச் சுருள்களை எரித்து அளந்தார்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம். ஃபார்மால்டிஹைடோ 51 சிகரெட் அளவுவரை போனது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் திரவத்தில் இருப்பதும் இந்தச் சரக்குதான். பீடி பற்றவைத்த தாத்தாவைத் திண்ணைக்கு விரட்டிவிட்டு உள்ளே வந்து சுருளைக் கொளுத்தும் குடும்பங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. "கண்ணு எரியுதா? அப்பன்னா வத்தி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பது ஆயாக்களின் கோட்பாடு. கோட்பாட்டில் பிழையில்லை, யாரிடம் வேலை செய்கிறது என்பதில்தான் குழப்பம். கண்ணை எரிப்பது புகை. கொசுவை மயக்குவது மருந்து. நெல் வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துக்கும் இந்தச் சுருளுக்கும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டப்படி பதிவே செய்யாமல், 'கொசு ஊதுபத்தி' என்று பெட்டிக்கடைகளில் தொங்கும் சரக்கைப் பற்றி விரிவாகப் பேசினால் கட்டுரை நீளும். வாங்காதீர்கள் என்பதோடு நிறுத்துகிறேன். பிளக்கில் மாட்டும் திரவத்தில் புகை இல்லை, ஆனால் மருந்து அதே குடும்பம். கொசு அடிக்கும் மின்பேட்டில் 'பட்' என்ற சத்தமும் ஒரு திருப்தியும் கிடைக்கும்.

இதிலும் பெரிய வேடிக்கை நேரக் கணக்கு. டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில்: காலையில் கொஞ்சம், பொழுது சாய்வதற்குமுன் கொஞ்சம். நாம் சுருள் கொளுத்துவது சாப்பாடு முடிந்து பாய் விரித்த பிறகு. அந்தக் கொசு வளருமிடம் சாக்கடையும் அல்ல, நல்ல தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பழுதாக்கியதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தொடங்கியும் வைத்தார்கள். அரிதாக வருவதை அருமையாகச் சேர்ப்பது வீட்டு இயல்பு. ஃபுளோரைடுக்குத் தப்பிய அந்தத் தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் மூடாமல் வைத்தால், முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டிரம்மை வாசலில் வைத்துக்கொண்டு வத்தியை உள்ளே கொளுத்துவது, கொசுவுக்குப் பிரசவமும் பார்த்துவிட்டுக் கொலைமுயற்சியும் செய்வதாகும்.

ஆகவே டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்; முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. துணியால் டிரம்மின் வாயைக் கட்டுங்கள். ஃபிரிட்ஜின் பின்தட்டையும் கொல்லையில் கிடக்கும் பழைய டயரையும் எட்டிப் பாருங்கள். ஜன்னலுக்கு நைலான் வலை அடித்துவிட்டால் ஜன்னலைச் சாத்தவே வேண்டாம். கட்டில் கொசுவலைக்குள் ஃபேன் காற்று வராது என்ற புகார் உண்மைதான். குழந்தைக்காவது அதைக் கட்டுங்கள். இவ்வளவுக்கும் பிறகு சுருள் கொளுத்தாமல் தூக்கம் வராது என்பவர்கள் தயவுசெய்து அதைத் திண்ணையில் கொளுத்துங்கள்.