நடக்குமான்னு கேட்ட பேராண்டிக்கு

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. எது முதல்ல, எதுக்கு எவ்வளவு பணம்னு மக்களே கூடிப் பேசித் திட்டம் போடுறது நடக்கிற காரியமான்னு கேட்டியே. நடக்காதுடா. டெல்லியில 1950-லேர்ந்து 2014 வரைக்கும் திட்டக் கமிஷன்னு ஒண்ணு உக்காந்து நாடு முழுக்கத் திட்டம் போட்டுச்சு. நம்ம கண்மாய் எந்தத் திசையில இருக்குன்னு அங்க யாருக்குத் தெரியும்? ஆனா டெல்லிக்காரன் திட்டம் போடுறது சாத்தியமான்னு நீ கேக்கல. கண்மாய்க்கரையில குடியிருக்கிறவன் வாயைத் திறந்தாத்தான் உனக்குச் சந்தேகம் வருது. படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்.

நம்ம சனத்துக்குக் கணக்குத் தெரியாதுங்கிறே. திருவிழா முடிஞ்சு கோயில் வாசல்ல தலைக்கட்டு வரிக் கணக்கு வாசிக்கிறப்ப வந்து பாரு. பந்தல்காரனுக்குக் குடுத்ததுல இருபது ரூவா இடிக்குதுன்னு விடிய விடியச் சண்டை. கைநாட்டு வைக்கிற ஆளு போன வருசக் கணக்கை வரி பிசகாம ஒப்பிப்பான்.

அதே ஆளு கிராம சபையில ஊமை. ஏன்னா தீர்மான நோட்டு முதல் நாளே எழுதி ரெடி. சபையைப் பாக்க சர்க்கார் அனுப்புன பற்றாளர் வாட்ச்சைப் பாப்பாரு. நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைங்க வரிசையா கையெழுத்துப் போடுவாங்க. ஒரு போட்டோ, டீ, வடை, நன்றி வணக்கம். நல்லா இருக்கிற ரோட்டு மேலயே அடுத்த மாசம் பேவர் பிளாக் வந்து படுத்துக்கும். காசும் முடிவும் எவன் கையிலயோ இருக்க, இவன் எதுக்குத் தொண்டையைக் கிழிக்கணும்?

குமுளிக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு இந்தச் சூட்சுமம் தெரிஞ்சிருக்கு. 1996 ஆகஸ்ட் 17-ல கேரளாவுல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சாங்க. அங்கத்த கம்யூனிஸ்ட் தலைவருங்க ஈ.எம்.எஸ்., தாமஸ் ஐசக் எல்லாம் முன்னுக்கு நின்ன காரியம். மாநிலத் திட்டப் பணத்துல 35-லேர்ந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குன்னு முதல்ல பணத்தை ஒதுக்கிட்டு, அப்புறம் பேசக் கூப்பிட்டாங்க. வார்டு வார்டா கிராம சபை. அங்கயும் ஒரே மைக்கு, ஒரே ஆளுன்னு விடல. விவசாயம், குடிதண்ணி, பள்ளிக்கூடம்னு தனித்தனிக் குழுவா உக்கார வச்சு, குழுவுக்கு ஒரு பயிற்சி பெத்த ஆளு. எஸ்டிமேட் போடத் தெரியாதேன்னா, ரிட்டயர் ஆன இஞ்சினீயர்களைக் கூப்பிட்டுச் சரிபாக்கச் சொன்னாங்க. பெண்கள் திட்டத்துக்குன்னு பத்து சதவீதம் தனியா. நம்ம தலைக்கட்டுல பொம்பளைக்குக் கணக்கே கிடையாது. அதனால கோயில் வாசல் பெருமையை நானும் ரொம்ப அளக்க மாட்டேன்.

அங்க எல்லாம் தேனும் பாலுமா ஓடுச்சான்னு கேளு. இல்ல. வீடு, கக்கூஸ் பட்டியல்ல பேரு வேணுங்கிற ஏழை சனம் வந்துச்சு. வசதியானவன் வீட்லயே இருந்துக்கிட்டான். ரோடு கேட்ட அளவுக்கு வயக்காட்டைப் பத்தி யோசிக்கல. ஏலக்காய் விலையையும் ரப்பர் விலையையும் எந்த வார்டு சபையாலயும் ஏத்தவும் முடியல, இறக்கவும் முடியல. சர்க்கார் பணத்துக்குத் திட்டம் போடலாம், சந்தை அவங்க பேச்சைக் கேக்கல. ஆனா 2001-ல ஆட்சி மாறி வந்தவங்க திட்டத்தோட பேரைத்தான் மாத்துனாங்க. உள்ளாட்சிக்குப் பணம் போறதை நிறுத்த முடியல. ருசி கண்ட சனம் விடுமா?

அதனால பேராண்டி, நடக்குமா நடக்காதான்னு என்கிட்டக் கேக்காதே. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும் கிராம சபை உண்டு. நாலு நாளும் உனக்கு லீவு. மத்தியானம் வரைக்கும் இழுத்துப் போத்தித் தூங்காம ஒரு தடவை வந்து, இந்த வருசம் ஊராட்சிக்கு வந்த பணம் எவ்வளவு, பேவர் பிளாக்குக்குப் போனது எவ்வளவு, வாசிங்கன்னு எந்திரிச்சு நின்னு கேளு. பதில் வர்ற வரைக்கும் உக்காராதே. வடையை அப்புறம் தின்னுக்கலாம்.