பெயில் போட்ட புண்ணியவான்கள்

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மேலூர்க்காரரும் உசிலம்பட்டிக்காரரும் வரிசையில் நின்று வாங்கிப்போகும் கர்ப்பிணி மாத்திரையில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதை ஆய்வகத்தில் செய்துகாட்டிய கூட்டத்துக்குத் தலைவர் யெல்லப்பிரகட சுப்பாராவ். அவரை அந்த உயரத்துக்கு ஏற்றிய பெருமை, அவரை வேண்டாமென்று விரட்டிய மகான்களுக்கே சேரும்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அன்று அதுவும் மதராஸ் மாகாணம்தான். நாமும் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம். காசிக்கு ஓடிப்போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராவது என்பது பையனின் திட்டம். பாதி வழியில் அம்மா மடக்கிவிட்டார். காசிக்கு ஒரு பழக்கடை நட்டம். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை கோட்டடித்து, மூன்றாம் தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் கரையேறினார்.

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் காந்தி பக்தி முற்றி, அறுவை சிகிச்சைக்கும் கதர் அங்கிதான். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு ரத்தம் கொதித்தது. எம்.பி.பி.எஸ். போச்சு; எல்.எம்.எஸ். என்ற மட்டமான பட்டம்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு நடத்தினார். பிறகு மாமனார் தயவில் அமெரிக்கா.

அங்கே ஆஸ்பத்திரியில் மூத்திரப் பாத்திரம் கழுவிச் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார். ஹார்வர்டிலோ ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து ரத்தத்திலும் மூத்திரத்திலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளந்தார். 1925-ல் வந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை உயிர்வேதியியல் மாணவர்களுக்கு இன்றும் பாடம். 1929-ல் உடம்பின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யை இருவரும் பிரித்தெடுத்தார்கள். ஹார்வர்டு ரொம்ப மகிழ்ந்து, நிரந்தர வேலை கிடையாது என்றது.

1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் அவர் ஆட்கள் சமைத்துத் தர, சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அவற்றால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது அடக்கிக் காட்டினார். அந்த வம்சத்து மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. யானைக்கால் நோய்க்கு ஹெட்ரஸான் வந்தது. எழுபது தாண்டி ஓய்வுபெற்ற டக்கர் என்ற பெரியவரை வேலைக்கு வைத்து மண்ணைக் கிளறச் சொன்னார்கள். டெட்ராசைக்ளின் வகைக் கிருமிக்கொல்லிகளில் முதலாவதான ஆரியோமைசின் அதில் கிடைத்தது.

1948-ல், 53 வயதில் போய்ச் சேர்ந்தார். பிராட்ஃபீல்டு மட்டும் மனசு இளகியிருந்தால் மனிதர் ஏதாவது ஜில்லா ஆஸ்பத்திரியில் சிவில் சர்ஜனாகி, கட்டி அறுத்து, பென்ஷனோடு நிம்மதியாக இருந்திருப்பார்; நமக்குத்தான் மருந்து இருந்திருக்காது. 1995-ல் நூற்றாண்டுக்காக சுப்பாராவுக்கு அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. நியாயமாகப் பார்த்தால் பிராட்ஃபீல்டுக்கும் ஒன்று போட்டிருக்க வேண்டும்.