நாடாளுமன்றம் கொளுத்திய போகி

போகிக்குப் பழைய பாயைக் கொளுத்துவோம், ஓட்டை முறத்தைக் கொளுத்துவோம். அந்தத் தீயில் வீடே எரிந்துபோனால்? 1834 அக்டோபர் 16 அன்று லண்டனில் அப்படியொரு போகி நடந்தது. எரிந்த வீடு பிரிட்டிஷ் நாடாளுமன்றம். கொளுத்தியவர்கள் கலகக்காரர்கள் அல்ல, இரண்டு கூலியாட்கள். மேலிடத்து உத்தரவுப்படி, காலையிலிருந்து பொறுப்பாகக் கொளுத்தினார்கள்.

எரியப் போனவை பழைய கணக்குக் குச்சிகள். எங்கள் தெருப் பால்காரம்மா கதவுக்குப் பின்னால் கரிக்கோடு போடுவார். இங்கிலாந்து கஜானா அதையே மரக்குச்சியில் செய்தது. ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி. வெட்டியதும் குச்சியை நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவருக்குப் பாதி, வாங்கியவருக்குப் பாதி. ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு வெட்டுக் கூட்டிப் போட்டால் மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். பால்காரம்மாவிடம் அந்த வசதி இல்லை, கோடு அவர் சொன்னதுதான். பேங்க் ஆஃப் இங்கிலாந்து தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் குச்சியை விட மனசு வரவில்லை. 1826-ல்தான் ஒருவழியாக மூட்டை கட்டினார்கள்.

மிஞ்சியது இரண்டு வண்டிக் குச்சி. ஏழைபாழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாமே என்று சார்லஸ் டிக்கன்ஸ் பிற்பாடு மேடையேறிக் கேட்டார். கேட்பார் அவர், எழுத்தாளர்தானே! அரசாங்கக் கணக்கு கண்டவன் வீட்டு அடுப்பில் எரிவதாவது? பிரபுக்கள் சபைக்கு அடியிலேயே இரண்டு உலைகள் இருந்தன. அங்கேயே போடு என்றார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு கனவான்கள் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். ஸ்பானியக் கப்பற்படையை முறியடித்த கதையை நெய்த திரைச்சீலைகள் அங்கே பிரசித்தம். அன்றைக்குத் திரையும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை, ஒரே புகை. பூட்ஸையும் மீறி உள்ளங்கால் சுட்டது. சரி, குளிருக்கு இதமாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, போய்விட்டார்கள். கீழே கூலியாட்கள் மிச்சக் குச்சிகளையும் உள்ளே தள்ளி, உலைக் கதவைச் சாத்திவிட்டு மதுக்கடைக்குப் புறப்பட்டார்கள். ஆறு மணிக்குச் சபை எரிகிறது என்று ஒரு பெண் அலறினார்.

1605-ல் சபையைத் தகர்க்கச் சதி செய்த கை ஃபாக்ஸ் கூட்டாளிகள் அன்றைய பிரபுக்கள் சபைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்து வைத்தும் பாச்சா பலிக்கவில்லை. அவர்கள் கணக்குப்பிள்ளைகளைக் கூட்டுச் சேர்த்திருக்க வேண்டும்.

வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தில் எழுத்தாளர் தாமஸ் கார்லைலும் இருந்தார். சனங்கள் அழவில்லை, விசிலடித்தார்கள். அந்த வருஷம்தான் ஏழைகளைப் பணிவிடுதிகளில் அடைக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. சாமி கொடுத்த கூலி இது என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். எந்த ஆவணமும் சொல்லாததை அந்த விசில் சொல்கிறது.

மக்கள் சபையின் ஆவணங்கள் பெரும்பாலும் சாம்பல். நடவடிக்கைக் குறிப்பேடுகள் மட்டும் பிழைத்தன. பிரபுக்கள் சபையின் தோல்சுருள்கள் ஒரு கோபுரத்தில் தனியாக இருந்ததால் தப்பின. முதலாம் சார்லஸின் தலையை வாங்கிய உத்தரவும், 59 பேர் கையெழுத்தும் முத்திரையுமாக, தீக்குத் தப்பிவிட்டது.

பிழைத்த குறிப்பேட்டில் தீர்மானம் இருக்கும், பேச்சு இருக்காது. சபைப் பேச்சை அச்சிடுவதே உரிமை மீறல் என்று 1738-ல் முடிவு செய்திருந்தார்கள். பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா? இது கலிவர் கதையில் வரும் லில்லிபுட் நாட்டுச் சபையில் நடந்தது என்று தலைப்புப் போட்டு, பிரதமர் வால்போலை வாலெலாப் ஆக்கி வெளியிட்டான். நம் முனுசாமியை நுமுசாமி ஆக்கின மாதிரி. 1740-களின் தொடக்கத்தில் அதை எழுதியவர் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன். சபைப் பக்கம் அவர் போனதே அபூர்வம். யாரோ கொண்டுவந்த துண்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு முழுப் பேச்சையும் இட்டுக்கட்டினார். பல வருஷம் கழித்து ஒரு விருந்தில் அரசியல்வாதி பிட்டின் சபைப் பேச்சொன்றைக் கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனிஸோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்களாம். ஜான்சன், அதை மச்சு அறையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன் என்றாராம். சரித்திர ஆசிரியர்கள் நெடுங்காலம் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பதிவுகளில் பெண்கள் எங்கே? அன்று அவர்களுக்குச் சபைக்குள் பேச இடமில்லை, ஆனால் அலமாரியில் இடம் இருந்தது. 1911 ஏப்ரல் 2 இரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஓட்டுரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் அன்றிரவு நாடாளுமன்ற நிலவறைத் தேவாலயத்தின் துடைப்ப அலமாரியில் போய் ஒளிந்துகொண்டார், தங்கிய இடம் மக்கள் சபை என்று பதிவாக வேண்டுமென்று. மறுநாள் பிடிபட்டார். நிலவறையில் ஒளிந்திருந்தவர் என்று அதிகாரி படிவத்தில் எழுதினார். இதற்குள் அவர் குடியிருந்த வீட்டிலும் அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டு ஒன்றுகூட இல்லாத அந்த அம்மாளை அந்த வருஷம் இரண்டு தடவை எண்ணினார்கள்.