லைன் கிளியர்

பெர்கன், நார்வே
ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவும் நலம். நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய்தான் நலமில்லை. அப்பா வந்து ஆறு வாரம் ஆவதற்குள் பாட்டிலின் அடி தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது “பிசியா இருக்கேன்க்கா, அப்புறம் பேசுதேன்” என்று வைத்துவிட்டேன். நீ உடனே அப்பா நம்பருக்குப் போட்டு விசாரித்திருக்கிறாய். முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் வண்டி வந்த நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதிய மனுஷன், மகனுக்காகப் பொய் சொல்வாரா? “சோபால படுத்து டிவி பாக்கான்” என்று சொல்லிவிட்டார். அதற்கு நீ அனுப்பிய எட்டு ஸ்டிக்கருக்கும் பதில் சொல்ல என்னிடம் ஸ்டிக்கர் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அக்கா, அது பொழுதுபோக்கு என்று நினைக்காதே. அது அரியர்.

காலேஜில் மூன்று பேப்பர் அரியர் வைத்துவிட்டு நான் தீபாவளிக்குக்கூட முகம் கொடுக்காமல் திரிந்தது உனக்குத் தெரியும். இங்கே டிவி தொடர்களில் அதே நிலைமை. ஆபீசில் பகல் பதினொன்றரைக்கே சாப்பாடு. ரொட்டியில் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டு எல்லோரும் உட்காருவார்கள். சம்பளம், சாமி, மாமியார் எதையும் பேசமாட்டார்கள். பேசுவது இரண்டே விஷயம்: மழை, அப்புறம் பார்த்த தொடர். மழையைப் பற்றி நானும் பேசுவேன். ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது. 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 80 நாளைத் தாண்டியும் ஒரு நாள்கூட விடாமல் பெய்ததாம். குற்றாலத்துச் சாரலுக்காவது சீசன் உண்டு. இங்கே பன்னிரண்டு மாதமும் சாரல்தான், எண்ணெய் தேய்த்துவிடத்தான் ஆளில்லை.

ஆனால் மழைப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒருவர் “அதைப் பார்த்தாயா?” என்பார். “இன்னும் இல்லை” என்பேன். “ஐயோ, அவசியம் பார்” என்பார். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிக்கொள்வேன். எட்டு வருஷமாக எழுதுகிறேன். முதல் ஐந்து வரியை மட்டும் கூட்டிப் பார்த்தேன்: சோப்ரானோஸ் 86 பகுதி, தி வயர் 60, மேட் மென் 92, பிரேக்கிங் பேட் 62, கேம் ஆஃப் த்ரோன்ஸ் 73. மொத்தம் 373. நாளைக்கு ஒன்று வீதம் விடாமல் பார்த்தாலும் ஒரு வருஷமும் எட்டு நாளும் ஆகும். அதற்குக் கீழே இன்னும் பதினேழு வரி இருக்கிறது.

உனக்கு இந்த அவதி கிடையாது. ‘கோலங்கள்’ 2003-ல் தொடங்கும்போது உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. 2009-ல் அது முடிந்தபோது உன் மகன் யுகேஜி. ஆறு வருஷம் பார்த்தாயே, ஒரு நாளாவது அரியர் வைத்திருக்கிறாயா? கரண்ட் போனால்கூட அடுத்த நாள் காலையில் பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்லிவிடுவாள். தண்ணீர் வருவதற்குள் தேவயானி அழுது முடித்திருப்பார். நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே பார்க்க வழியில்லை. அதனால் பாக்கியும் விழவில்லை.

இப்போது மொத்தத்தையும் மூட்டையோடு முற்றத்தில் கொட்டிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்திற்குப் பிள்ளையார் சுழி போட்டதில் இந்த நாட்டுக்கும் பங்கு உண்டு. 2012-ல் ‘லில்லிஹாமர்’ என்று ஒரு தொடர் வந்தது. நியூயார்க் தாதா ஒருவன் போலீசுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, பிழைக்க நார்வேயின் பனி ஊர் ஒன்றுக்கு வந்து ஒளிந்துகொள்கிற கதை. இங்கே அரசுத் தொலைக்காட்சியான என்ஆர்கேவில் அது வாரம் ஒன்றாக வந்தது. நெட்ஃபிளிக்ஸோ எட்டுப் பகுதியையும் ஒரே நாளில் இறக்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. தாதாவாக நடித்தவர் ஸ்டீவன் வான் சான்ட். பாதியில்தான் தெரிந்தது, அவர் சோப்ரானோஸிலும் தாதா கும்பல்காரர் என்று. அதைப் பார்க்காமல் இதைப் பார்ப்பது முறையாகாது என்று இதை நிறுத்தினேன். அதை இன்னும் தொடங்கவில்லை. ஆக, அரியர் இரண்டாயிற்று.

இதில் மீனாவோடு ஓர் ஒப்பந்தம் வேறு. ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவர் பார்க்கக் கூடாது. ஜனவரியில் ஒரு ராத்திரி அவள் தூங்கிய பிறகு, கொலைகாரன் யார் என்ற அரிப்புத் தாங்காமல், சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டு பகுதி பார்த்துவிட்டேன். மறுநாள் அவளோடு அதே பகுதியைப் பார்க்கும்போது புதிதாகப் பார்ப்பதுபோல் நடிக்க வேண்டுமே! நடித்தேன். ஆனால் ஆர்வத்தில், அந்த வீட்டுக் கதவு திறப்பதற்கு முன்பே “ஐயோ!” என்று கத்திவிட்டேன். மீனா டிவியை நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள். “கதவுக்குப் பின்னாடி யாரு நிக்கா?” என்று கேட்டாள். அன்றைக்கு அந்தத் தொடரில் நடந்ததைவிட எங்கள் வீட்டில்தான் விசாரணை கடுமை.

லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு வருவதைத் தவிர வேறு எதற்கும் இங்கே குரல் மாற்றுவதில்லை; அடியில் எழுத்துத்தான் ஓடும். அதைப் படித்துப் படித்து எனக்கு நார்வே பாஷை வந்தது. நான் பார்த்ததெல்லாம் துப்பறியும் கதையா, பாஷையும் போலீஸ் பாஷையாகவே வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஆபீசில் ஒருவரிடம் ‘வார விடுமுறை எப்படிப் போச்சு?’ என்று கேட்பதாக நினைத்து, “சனிக்கிழமை இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். “வீட்டில்தான். தனியாக. ஏன்?” என்றார். இன்றுவரை லிஃப்டில் என்னோடு ஏறுவதில்லை.

இந்த நிலைமையில்தான் அப்பா வந்து இறங்கினார். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பகுதி முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது தானாக ஓடுவதைக் கண்டு, “இது என்னலே, சிக்னல் இல்லாமலே வண்டி கெளம்புது?” என்றார். ஒரு ராத்திரி நான் சோபாவிலேயே தூங்கிவிட்டேன். திரையில் ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று ஆங்கிலத்தில் கேள்வி வந்திருக்கிறது. அப்பா டிவியைப் பார்த்து மரியாதையாக, “இல்லங்க, அவன் அப்பவே தூங்கிட்டான்” என்று பதில் சொன்னாராம். மீனா அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறாள்.

இரண்டாவது வாரம் ஃபிரிட்ஜ் தாளைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“யார்டுல இருபத்திரண்டு வண்டி நிக்கி. எல்லாத்துக்கும் லைன் கிளியர் குடுத்தது யாரு?”

“ஆபீஸ்ல சொன்னாங்கப்பா…”

“அவன் கேப்பான். கேக்கது அவன் வேலை. பகவதிபுரத்துக்காரன் கேட்டான்னு நான் எல்லா வண்டியையும் செங்கோட்டைக்குள்ள விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? எடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் லைன் கிளியர் குடுக்கணும். வண்டி நிக்கது வண்டி குத்தம் இல்லலே.”

அன்றிலிருந்து வீட்டில் டைம்டேபிள் அமல். இரவு 20.00 மணிக்கு ஒரு பகுதி. முடிந்ததும் பிளக்கையே பிடுங்கிவிடுவார். மறுநாள் வரைக்கும் நானும் மீனாவும் ‘அவன் செத்திருப்பானா, மாட்டானா’ என்று தோசை ஊற்றும்போதெல்லாம் சண்டை போடுகிறோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

இப்போது ஈஸ்டர். வியாழனிலிருந்து இன்று திங்கள் வரை ஐந்து நாள் விடுமுறை. ஊரே மலை மேலுள்ள மரவீடுகளுக்குப் போய், ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு கொலைக் கதை படிக்கும். சிரிக்காதே, நிஜம். ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளுக்கு இவர்களுக்குக் கொலைக் கதை வேண்டும். கடையில் தனி அடுக்கு, டிவியில் தனித் தொடர். பால் அட்டைப்பெட்டியில்கூட துப்பறியும் படக்கதை அச்சடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அப்பா அந்தப் பெட்டியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாஷை தெரியாது, படத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முயற்சி. மடிப்புக்குள் ஏதோ மறைந்திருக்கிறது என்று சந்தேகம் வந்து, பால் முழுவதையும் பாத்திரத்தில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கிழித்து விரித்துவிட்டார். ஆள் கிடைத்தானோ என்னவோ, அடுத்த நாள் எங்களுக்கு ஒரு லிட்டர் தயிர் கிடைத்தது.

இந்த வழக்கம் தொடங்கியது 1923-ல். நுர்டால் கிரீக், நில்ஸ் லீ என்று இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள். ‘நேற்றிரவு பெர்கன் ரயிலில் கொள்ளை’ என்று அதன் தலைப்பையே ஈஸ்டருக்கு முன்னால் ஆஃப்டன்போஸ்டன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் விளம்பரமாகப் போட்டார்கள். விளம்பரம் என்று தெரியாமல் சனங்கள் பதறிப்போய்விட்டார்களாம். நான் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அன்னைக்கு டியூட்டில இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் பாவம்லே, எத்தன பேருக்குப் பதில் சொல்லிருப்பான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ரயில் இன்னும் ஓடுதா?” என்றார்.

ஓடுகிறது. ஓடுவது மட்டுமில்லை, டிவியிலும் வந்தது. அந்தப் பாதைக்கு நூறு வயது ஆனபோது, 2009 நவம்பரில், என்ஆர்கே வண்டியின் முகப்பில் கேமராவைக் கட்டி, பெர்கனிலிருந்து ஆஸ்லோ வரைக்கும் போகிற ஏழே கால் மணி நேரத்தையும் வெட்டாமல் ஒளிபரப்பியது. கதையில்லை, கதாநாயகி இல்லை. தண்டவாளம், பனி, குகை, மறுபடியும் தண்டவாளம். பன்னிரண்டு லட்சம் பேர் கொஞ்ச நேரமாவது பார்த்தார்களாம். அப்போது நாட்டில் மொத்தச் சனமே ஐம்பது லட்சத்துக்குள்.

சனிக்கிழமை காலையில் போட்டேன். டைம்டேபிள் வருவதற்கு முன் போட்ட திட்டப்படி, மேட் மென்னில் பத்துப் பகுதியாவது முடிப்பதாக இருந்த நாள் அது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அப்பா எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சோபாவில் சாயாமல் முன்விளிம்பில் உட்கார்ந்தார். “சிங்கிள் லைன்” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சிக்னலுக்கும் தலை லேசாக ஆடியது. வோஸ் வந்தபோது உப்புமா. 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே வந்தபோது காபி. யெய்லோவில் அப்பாவுக்கு மாத்திரை. குகைகள் மட்டும் நூற்றெண்பதுக்குப் பக்கம். குகைக்குள் இருட்டாக இருக்கும் நேரத்தில் பழைய படங்களைக் காட்டுவார்கள். ஒரு நீளமான குகையில் அப்பா, “ஆரியங்காவு” என்று மட்டும் சொன்னார். 2010-ல் நம் செங்கோட்டைப் பாதையில் மீட்டர்கேஜை மூடும்போது கடைசி வண்டியில் போய்விட்டு வந்து, அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாரே, ஞாபகம் இருக்கா? நான் ஒன்றும் பேசவில்லை. நடுவில் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பொதிகை கெளம்பிருக்கும்” என்றார். அந்தக் கடிகாரத்தை அவர் இன்னும் இந்திய நேரத்திலிருந்து மாற்றவில்லை.

ஆஸ்லோ வந்தது. எட்டு வருஷத்தில் நான் உட்கார்ந்து முழுவதுமாகப் பார்த்து முடித்தது இது ஒன்றுதான். தாளில் அது எழுதப்படவே இல்லை.

“அடுத்தது என்ன?” என்றார். நான் வாய் தவறி, 2011-ல் இதே ஊரிலிருந்து வடக்கே ஷிர்க்கனெஸ் வரை போகிற கப்பலை இதே மாதிரி காட்டியதைச் சொல்லிவிட்டேன். 134 மணி நேரம், இராப்பகலாக. அப்பா பேனா எடுத்தார். நாளைக்கு ஒரு மணி நேரம், 20.00 மணிக்கு. விசாவில் மிச்சம் 48 நாள். பால் பெட்டியின் வெள்ளைப் பக்கத்தில் கழித்துப் பார்த்தார். 86 மணி நேரம் பாக்கி நின்றது.

‘எடம் இல்ல, லைன் கிளியர் கிடையாது’ என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டு, “சரி, மிச்சத்த அடுத்த வருசம் வந்து பாத்துக்கிடலாம்” என்றார்.

அக்கா, முதல் தடவையாக அப்பா அரியர் வைக்கிறார். மறு பேச்சுப் பேசாமல் நான் லைன் கிளியர் கொடுத்துவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம். மருமகனுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் தம்பி

பி.கு.: ஊறுகாய் இரண்டு பாட்டிலாக அனுப்பு. கப்பல் பயணம் நீளமானது.