எனக்கு உப்பில் கண்டம்

ஆரோக்கியத்தைத் தேடிப் போய்க் கெட்டவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் பக்கத்திலேயே என் பெயர் இருக்கும்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் சாயங்கால பஜ்ஜியை விட்டேன். முறுக்கு, மிக்சரையும் விட்டேன். ஆனால் நாலரை மணி ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஜிம்முக்குப் போகும் அலுவலகத் தம்பி ஒருவன் ஒரு பொட்டலத்தை நீட்டினான். காற்றில் உலர்த்திய இறைச்சி. தென்னாப்பிரிக்காவில் பில்டாங் என்பார்கள். இறைச்சியை வினிகரிலும் உப்பிலும் கொத்தமல்லி விதையிலும் புரட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பது. "மாவுச்சத்தே கிடையாது சார், அத்தனையும் புரோட்டீன்" என்றான். ஒரு துண்டை மென்று பார்த்தேன். அட, நம்ம உப்புக்கண்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி! பொட்டலத்தின் விலையைப் பார்த்ததும் அண்ணனையே வீட்டில் தயாரித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் கிடா வெட்டினால் மிஞ்சும் கறி உப்புக்கண்டமாகிவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்து ஏற்பாடு. கறியை மெல்லிசாக, நீளவாக்கில் அரிந்து, ஜவ்வையும் கொழுப்பையும் ஒட்ட எடுத்துவிட்டு, கல் உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்த விழுதில் புரட்டி, கோணி ஊசியால் நூலில் கோத்துக் கொடியில் கட்டுவார்கள். பகலெல்லாம் வெயில், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள். கண்டம் கல்லாகும்வரை இதுதான் வேலை. எல்லாம் பார்த்து வளர்ந்தவன்தானே, யாரையும் கேட்பானேன் என்று இறங்கினேன்.

இறங்கிய மாதம் ஐப்பசி. இடம் சென்னை. ருசிக்கு இருக்கட்டுமே என்று கொழுப்பை விட்டுவைத்தேன். கொழுப்பு காயாது, காறல் வாடைதான் அடிக்கும். கண்டங்களையும் தாராளமாகத் தடியாக வெட்டியிருந்தேன். மேலே விறகுக்கட்டை, உள்ளே சொதசொத ஈரம். வெயில் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நம்பியிருந்தவன் நான். அது கொல்வதில்லை. கிருமி பெருகத் தண்ணீர் வேண்டும். உப்பும் காய்ச்சலும் சேர்ந்து அந்தத் தண்ணீரைப் பிடுங்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஈரம் உள்ளேயே தங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

காக்காய்க்கும்தான். மொட்டைமாடியில் காவலுக்கு உட்கார்ந்தவன் போன் வந்ததும் இரண்டு நிமிடம் திரும்பிக்கொண்டேன். ஒரு காக்கை ஒரு கண்டத்தை உருவிக்கொண்டு பறந்தது. கனம் தாங்காமல் நழுவவிட்டது. விழுந்த இடம், எதிர்மூலையில் மூன்றாவது மாடி மாமி பிழிந்து வைத்திருந்த கூழ்வடாம். வெள்ளை வேட்டி, வெள்ளை வடாம், நட்ட நடுவில் மஞ்சள் பூசிய என் கறித்துண்டு. மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியை வடாமோடு சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஐப்பசியில யாராச்சும் கண்டம் போடுவாங்களாடா? படிச்சவன்தானே நீ?" என்றாள். மனம் பொறுக்காமல் சித்திரை வெயிலில் அவளே போட்டு, ஒரு ஜாடி நிறைய அனுப்பிவைத்தாள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். நூறு கிராமில் புரதம் சுமார் 20 கிராம். காய்ந்தால் எடை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அதனால்தான் உப்புக்கண்டத்தில் நூறு கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் தெரிகிறது. இரும்பும் துத்தநாகமும் பி12-உம் இருக்கின்றன, உண்மை. ஆனால் அவையெல்லாம் கறியில் ஏற்கெனவே இருந்தவை. வெயில் புதிதாக எதையும் போடவில்லை, தண்ணீரைத்தான் எடுத்தது. வயிற்றை நிரப்பிப் போதும் போதும் என்று சொல்ல வைப்பதில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஒரு கிலோ கறிக்குழம்பு வைத்தால் குடும்பமே சாப்பிடும். அதே ஒரு கிலோவை நல்லெண்ணெயில் பொரித்துத் தட்டில் வைத்தால், கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நான் ஒருவனாக முடித்துவிடுவேன். முடித்தேன்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை அடங்கியிருந்தது. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவோ கிலோவுக்கு ஒரு கைப்பிடி போடுகிறவள். "உப்பைக் குறைச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஊறுகாய், அப்பளம் ரெண்டையும் தொடறதே இல்லை டாக்டர்" என்றேன். பொய் இல்லை. "வேற ஏதாவது?" என்றார். நான் சுவரில் இருந்த இதயப் படத்தை ஆராய்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜாடியின் உயரத்தைக் கையாலேயே காட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தன் பங்குக்குச் சொன்னாள்: உப்பிட்டும் உலர்த்தியும் பதப்படுத்திய இறைச்சியை 2015-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சிகரெட் இருக்கும் அதே பிரிவில் சேர்த்துவிட்டதாம். ஒரே பிரிவு என்றால் ஆதாரம் அத்தனை உறுதி என்றுதான் அர்த்தம், ஆபத்து அதே அளவு என்று அர்த்தமில்லை என்று வாதாடினேன். வாதம் சரிதான். "தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுது. நீங்க எத்தனை கிராம்ப்பா?" என்றாள். கேஸ் தள்ளுபடி.

இப்போது ஜாடி மனைவியின் பொறுப்பில். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு கண்டத்தை வெந்நீரில் ஊறவைத்து, அலசி, தட்டி, கத்தரிக்காய்க் குழம்பில் போடுகிறாள். என் பங்கு ஒன்று. அப்பத்தாவும் கஞ்சிக்கு ஒன்றுதான் வைப்பாள். அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழம்புக்கு உப்புப் போடும் வேலை அநேகமாக மிச்சம். உப்புக்கண்டத்தால் எங்கள் வீட்டு உப்புச் செலவு குறைந்திருக்கிறது என்று டாக்டரிடம் தைரியமாகச் சொல்லலாம். மனைவியைக் கூட்டிப் போகாமல் இருந்தால்.