அதே நம்பர் குடுங்க

பழைய கார் முக்கி முனகி நின்றுவிட்டால் முதல் பழி பிளக் மேல்தான் விழும். காயில் போயிருக்கலாம், கண்டன்சர் போயிருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் விட்டிருக்கலாம், டேங்கில் பெட்ரோலே இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் குற்றவாளி பிளக்தான். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவதும், ஒரே ஒரு ஸ்பேனரைக் கொண்டு கார் சொந்தக்காரரே கழற்றக் கூடியதும், நான்கை மாற்றினாலும் கையைக் கடிக்காததும் அந்த எஞ்சினில் அது ஒன்றுதான். கையைக் கடிக்கவில்லை என்பதே சிலருக்குக் குறையாகப் பட்டு, இரிடியம், பிளாட்டினம் என்று நகைக்கடை அளவுக்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. பழைய காருக்குச் சரியான பிளக், அந்தக் காரின் கையேட்டில் போட்டிருக்கும் நம்பருக்கு ஈடான சாதாரண நிக்கல் பிளக். பார்க்க வேண்டியது பிளக்கின் உடம்பில் அச்சடித்த எழுத்தையும் எண்ணையும். அட்டைப் பெட்டியில் சீறிப் பாயும் ரேஸ் காரை அல்ல.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த 1,489 சிசி எஞ்சின் போட்ட அம்பாசடரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் பிளக்குக்கு மரையின் குறுக்களவு 14 மி.மீ., மரை நீளம் 19 மி.மீ., கேப் 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. இதே 14 மி.மீ. குறுக்களவில் 12.7 மி.மீ. நீளமுள்ள பிளக்கும் கடையில் கிடைக்கும். அதுவும் ஒழுங்காக ஏறும், வண்டியும் ஓடும்; வம்பே அதுதான். பொறி சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்காமல் ஓட்டைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். காலியாகக் கிடக்கும் மரையில் கரி ஏறி இறுகும். பிறகு ஒரு நாள் சரியான பிளக்கை வாங்கி வந்தால் அது பாதியில் நின்று அடம் பிடிக்கும். இதையே திருப்பி, குட்டை மரை உள்ள ஹெட்டில் நீள பிளக்கை ஏற்றினால், மேலே வரும் பிஸ்டன் அதை இடிக்கக்கூடும். அதற்குப் பிறகு பிளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். சூட்டை அப்படி அளக்க முடியாது. பெரும்பாலான குழப்பம் அங்கேதான். ஓடும்போது பிளக்கின் பீங்கான் மூக்கு ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸுக்கும் 850-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 450-க்குக் கீழே இறங்கினால் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதற்குத் தெம்பு இருக்காது. மேலே எகிறினால் பிளக்கே கங்காகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைக் கொளுத்திவிடும். மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேற வழி நீளம், ஆகவே அது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் ஹெட்டுக்கு இறங்கிவிடும், அது குளிர்ந்த பிளக். பந்தயக் கார் எஞ்சின் உள்ளே உலையாகக் கொதிப்பதால் அதற்குக் குளிர்ந்த பிளக் தேவை. கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் நாற்பதைத் தாண்டாமல் போய்வரும் அம்பாசடருக்குள் அந்தக் கொதிப்பு ஏது? அதில் ரேஸிங் பிளக்கைப் போட்டால் வேகம் வராது. கரிதான் வரும், கூடவே மிஸ்ஸிங்கும் வரும்.

இதோடு விட்டார்களா என்றால் இல்லை. ஜப்பானிய என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி கூடும். ஜெர்மானிய பாஷில் எண் ஏற ஏறச் சூடு கூடும். சாம்பியனும் அந்தக் கட்சிதான். என்ஜிகே 6, பாஷ் 7, டென்சோ 20 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்று ஈட்டுப் பட்டியல்கள் சொல்கின்றன. இப்போது சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடை வாசலில் நின்று, “என்ஜிகே அஞ்சாம் நம்பர் இருக்கா?” என்று கேட்பவரிடம், “பாஷ்ல இருக்கு சார், அதே அஞ்சு” என்று எடுத்துக் கொடுத்தால், எண் அச்சு அசலாக அதேதான், சூடு மட்டும் குறைந்தது இரண்டு படி கீழே. கேட்டவரும் நேர்மையாகக் கேட்டார், கொடுத்தவரும் நேர்மையாகக் கொடுத்தார், கரி பிடிப்பது என்னவோ கார்தான். 1951-இல் தொடங்கிய மைக்கோ 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும், “மைக்கோ பிளக் குடுங்க” என்று பேரை மட்டும் சொல்லிக் கேட்பவர்கள் இந்த எண் வம்புக்கே போவதில்லை.

இரிடியத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரிடியம் 2,400 டிகிரிக்கு மேலேதான் உருகும், நிக்கல் 1,455-இலேயே உருகிவிடும். அதனால் 2.5 மி.மீ. தடிமனுள்ள நடுக்கம்பியை 0.4 மி.மீ. வரை ஒல்லியாக்க முடிகிறது. ஒல்லியான நுனியிலிருந்து பொறி தாவக் குறைந்த வோல்டேஜ் போதும். பாயிண்டும் சோர்ந்துபோன காயிலும் உள்ள வண்டிக்கு இது உண்மையிலேயே உதவும், குளிர்காலக் காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். இதை மறுக்க முடியாது. ஆனால் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் ஆயுளுக்காக. லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்பது நல்ல எஞ்சினில் உண்மை. வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் அது ஐம்பது வருஷக் கணக்கு, பிளக்கை உயிலில்தான் எழுதி வைக்க வேண்டும். அதுவும் பழைய எஞ்சினில் பிளக் தேய்ந்து சாவதில்லை, ஆயிலும் கரியும் மூடித்தான் சாகிறது. அந்தக் கரிக்கு இரிடியம், நிக்கல் என்ற பாகுபாடு கிடையாது. நிக்கல் பிளக்கில் கரி பிடித்தால் மெக்கானிக் கம்பி பிரஷால் நாலு தேய் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, கேப் பார்த்து மாட்டிவிடுவார். அதே கைவரிசையை 0.4 மி.மீ. நுனியிடம் காட்டினால் நுனி இருக்காது. மூன்று நான்கு கால் வைத்த பிளக்குகளும் இப்படித்தான்: எத்தனை கால் இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒரு காலுக்குத்தான் பொறி தாவும்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. கையேடு அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு எழுதியது, இன்று பங்கில் ஊற்றுவது வேறு சரக்கு என்பார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுக்கப் போனது பிளக்குக்கு நல்லதாகவே முடிந்தது, ஈயப் படிவுத் தொல்லை விட்டது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் சங்கதி வேறு. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், எதையும் உணரத் தெரியாத பழைய கார்புரேட்டர் பழைய அளவிலேயே ஊற்றி, கலவையைக் கொஞ்சம் வறட்சியாக்கிவிடும்; பீங்கான் வெளுக்கும். வெளுத்ததைப் பார்த்துக் குளிர்ந்த பிளக்குக்குத் தாவினால் நோய் கார்புரேட்டரிலேயே தங்கிவிடும். முதலில் ஜெட்டையும் டியூனிங்கையும் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகும் நிறம் சரியாக வராவிட்டால் ஒரு படி, ஒரே ஒரு படி, மாற்றிப் பார்க்கலாம்.

நிறம் பார்ப்பதற்காகவே பிளக்குகளைக் கழற்றும்போது டப்பாவில் ஒன்றாகக் கொட்டாமல், சிலிண்டர் வரிசைப்படி பேப்பர் மேல் அடுக்க வேண்டும். நான்கிலும் இளம் பழுப்பு என்றால் அதே நம்பரை வாங்கி மாட்டலாம்: கையாலேயே கடைசி வரை திருகி, அதற்கு மேல் ஸ்பேனரில் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக. நான்கும் காய்ந்த கரியாக இருந்தால் சோக் மாட்டிக்கொண்டிருக்கிறதா, கலவை ரிச்சா என்று பார்க்க வேண்டும். மூன்று பழுப்பாக இருந்து மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் ஆயிலில் குளித்திருந்தால், பிளக் கடைக்காரரிடம் அதற்கு மருந்து இல்லை. அது ரிங் செலவு, போர் செலவு, வீட்டில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய செலவு. அப்போதும் சிலர் இரிடியத்தில் நான்கு வாங்கி வந்து மாட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது நாளே மூன்றாவது பிளக் ஆயில் குளித்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.