பீப் ஒலிக்கு முன்னும் பின்னும்: கைப்பிடி ஸ்கேனர் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பலசரக்குக் கடையின் பில் மேசையில் நாள்தோறும் நிகழும் அறிவுச் செயல்பாடு ஒன்று இதுவரை தமிழ் ஆய்வுலகின் கண்ணில் படவில்லை. பில் போடும் பெண் ஒரு கருவியைக் கையில் எடுக்கிறார். விசையை அழுத்துகிறார். சோப்புக் கட்டியின் முதுகில் சிவப்பு ஒளி விழுகிறது. 'பீப்' என்கிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பெற்ற தலைப்புகளை ஒருமுறை புரட்டிவிட்டு வந்து கேட்கலாம்.

2. ஆய்வு எல்லை

ஆய்வாளரின் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவு.

3. கருதுகோள்

கோட்டின் மேல் காட்டினால் கருவி படிக்கும். இதை நிறுவுவதற்கே இனி வரும் பக்கங்கள்.

4. தோற்றமும் காலமும்

பார்கோட்டின் மூலவர்கள் அமெரிக்கர்களான நார்மன் ஜோசப் உட்லேண்டும் பெர்னார்ட் சில்வரும். 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1952 அக்டோபர் 7ஆம் நாள் கிடைத்தது. உட்லேண்ட் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, மோர்ஸ் தந்திக் குறிகளின் புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்தார். மெல்லிய கோடும் தடித்த கோடும் அங்கே பிறந்தன.

ஆய்வாளர் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். மணலில் விரலால் எழுதுவது யாருடைய மரபு? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'அ' எழுதிய மரபு அல்லவா? ஆகவே பார்கோடு இங்கிருந்து கப்பலேறி மயாமிக்குப் போயிற்று என்று நிறுவ ஒரு கட்டுரை போதும். அதை இந்நேரம் யாரோ எழுதி முடித்திருப்பார் என்ற அச்சத்தால் மட்டுமே நாம் எழுதவில்லை.

கடையில் முதல் பீப் ஒலித்தது 1974 ஜூன் 26இல், ஒகையோ மாநிலத்து டிராய் என்ற ஊரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில். படிக்கப்பட்டது ரிக்லி நிறுவனத்தின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம். விலை 67 சென்ட். மணலில் இழுத்த கோடு மேசைக்கு வரக் கால் நூற்றாண்டு ஆனதற்குக் காரணம் எளிது: கோடு இருந்தது, அதைப் படிக்க லேசரும் மலிவான கணினியும் இல்லை. எழுதுபவர் இருந்தும் படிப்பவர் இல்லாத இந்நிலை தமிழ் ஆய்விதழ்களுக்குப் புதிதன்று.

5. வகைப்பாடு

லேசர் வகை: கோடுகளை மட்டும் படிக்கும், கியூஆர் கட்டத்தைக் கண்டால் ஊமையாகிவிடும்.

இமேஜர் வகை: உள்ளே சிறு கேமரா; கோடு, கட்டம், போன் திரையில் தெரிவது எல்லாம் படிக்கும்.

வயர் உள்ளது: வயர் உண்டு.

வயர் இல்லாதது: சார்ஜ் இல்லை.

6. அமைத்தல் இயல்

யூஎஸ்பி வயரைச் செருகினால் போதும். கணினி இக்கருவியைக் கீபோர்டு என்றே நம்புகிறது. கருவி கோட்டைப் படித்து, அதிலுள்ள எண்களை யாரோ மின்னல் வேகத்தில் தட்டியது போல அனுப்புகிறது. வேலை செய்கிறதா என்று பார்க்க நோட்பேடைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டுக. எண் விழுந்தால் கருவி நலம்.

எண் விழுந்தும் பில்லில் பொருள் ஏறவில்லை என்றால் சிக்கல் என்டரில் இருக்கிறது. எண்ணை அனுப்பியபின் என்டரையும் தட்டு என்று கருவிக்குச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? கருவியில் திரை இல்லை, பொத்தான் ஒன்றே ஒன்று. ஆகவே கட்டளைகளும் கோடுகளாகவே, கூட வரும் மடிப்புத் தாளில் அச்சாகியிருக்கின்றன: ஒலியைக் குறை, முடிவில் என்டர் சேர், டேப் சேர், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திரும்பு. வேண்டியதைக் காட்டிப் படிக்க வைத்தால் கருவி அப்படியே நடக்கும். தாளில் கோடுகள் நெருங்கி நிற்பதால் பக்கத்துக் கோட்டைக் கையால் மறைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. இல்லையேல் 'என்டர் சேர்' கேட்டவருக்கு 'ஒலியே வேண்டாம்' கிடைக்கும். இவ்வியலின் முதன்மைச் சான்றாகத் தொலைபேசி உரையாடல் ஒன்று கிடைத்துள்ளது:

"தம்பி, நம்பர் வருது, பொருள் வர மாட்டேங்குது."

"அண்ணாச்சி, என்டர் செட் ஆகலை. பெட்டியில ஒரு பேப்பர் வந்துச்சே, இருக்கா?"

"எந்தப் பேப்பர்?"

இந்த மூன்றாம் வரியின் அவலச்சுவை குறித்துத் தனிக் கருத்தரங்கம் கூட்டத் தகும்.

கீபோர்டுக்குத் தான் எங்கே தட்டுகிறோம் என்று தெரியாது. அந்த அறியாமை இக்கருவிக்கும் உண்டு. கர்சர் 'பொருள்' கட்டத்தில் நிற்காமல் 'எண்ணிக்கை' கட்டத்தில் நின்றால் பார்கோடு எண் எண்ணிக்கையாகிவிடும். 8901234567890 என்ற கோடுள்ள பத்து ரூபாய் பிஸ்கட்டை அப்படிக் காட்டினால், மென்பொருள் தடுக்காத கடையில், ஏறத்தாழ 89 லட்சம் கோடி ரூபாய்க்குப் பில் எழும். 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டே ஏறத்தாழ 50 லட்சம் கோடிதான். மஞ்சப்பையோடு நிற்கும் வாடிக்கையாளர் அப்போதும் கேட்பது: "அண்ணாச்சி, ஒரு ரூபா சில்லறை இல்ல, பரவாயில்லையா?"

எழுத்து கலந்த கோடுகளில் இன்னொரு விந்தை. கணினியில் தமிழ்99 விசைப்பலகையை வைத்துவிட்டு மறந்தால், எண்கள் எண்களாகவே வரும், எழுத்துகள் தமிழாகிவிடும். ஜே, பி, கே, எஃப் என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகள் கோட்டில் இருந்தால் திரையில் 'பணம்' என்று விழும். கடையில் எது படித்தாலும் பணம் என்று வருவது நல்ல சகுனம் என்பர் கல்லா மரபினர். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுக என்பர் கணினி மரபினர். இவ்விரு தரப்பாரையும் சமன் செய்து நூறு பக்கம் எழுத இடமுண்டு.

7. கோட்டின் உள்ளுறை

பதின்மூன்று எண்ணில் கடைசி எண் காவல் எண். அதற்கு முந்திய பன்னிரண்டை ஒன்றுவிட்டு ஒன்று 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை அடுத்த பத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு வேண்டுமோ அதுவே காவல் எண். தவறாகப் படித்தால் கணக்கு இடிக்கும், கருவி வாய் திறக்காது. மேலே சொன்ன 890123456789க்குக் கணக்குப் போட்டால் கூட்டுத்தொகை 130. காவல் எண் 0. அதாவது எட்டில் தொடங்கி எண்ணிக்கொண்டே போனால், ஒன்பதுக்கு அடுத்து வர வேண்டிய சுழியே காவல் எண்ணாகவும் விழுகிறது! தொடக்கமான 890 இந்தியாவில் பதிந்த நிறுவனங்களுக்கு உரியது. சுழியத்தைத் தந்த நாடு, சுழியத்தில் முடியும் கோடு: இதைத் தற்செயல் என்று ஒதுக்குபவர் ஆய்வாளராக மாட்டார். தற்செயல்தான் என்பதை ஒரு நிமிடம் கூட்டிப் பார்த்தால் அறியலாம்; ஆயினும் கூட்டிப் பார்ப்பது இத்துறையின் வழக்கமன்று.

890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று போனுக்குப் போன் பரவும் செய்தி பிழை. எண்ணைப் பெற்ற நிறுவனம் இங்கே பதிந்தது என்பதே அதன் பொருள். பொருள் எங்கே விளைந்தது என்று கோடு சொல்லாது. விலையையும் சொல்லாது. விலை கடைக் கணினியில் இருக்கிறது. அதனால்தான் பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே கோட்டோடு வெவ்வேறு எம்ஆர்பியில் இருக்கும்போது, திரை இரண்டு விலையைக் காட்டி எது என்று கேட்கிறது. பில் போடும் பெண் பாக்கெட்டைப் புரட்டி, அதில் எங்கோ ஒரு மூலையில் புள்ளி புள்ளியாக அச்சாகியிருக்கும் விலையைக் கண்ணைச் சுருக்கித் தேடுகிறார். கருவி படித்ததை மனிதர் மறுபடி படிக்கும் இந்நிலைக்கு உரை மரபு என்று பெயர்.

8. படிக்காத கோடும் அதன் சடங்குகளும்

இனி நூலின் உயிர்நிலை. கருவி படிக்காதபோது மேசையில் நடப்பவை யாவும் சடங்கியலுக்கு உரியவை. அவற்றைத் தேய்ப்பு, துடைப்பு, இழுப்பு, ஊதல், தட்டல், கூவல் என அறுவகைப்படுத்துவர்.

தேய்ப்பாவது, கோட்டைப் பெருவிரலால் அழுத்தித் தடவுதல். 'விரற்சூடு கோட்டை எழுப்பும்' என்பது கல்லா உரை. தடவும்போது பாக்கெட்டின் சுருக்கம் நீங்குவதே பயன் என்பது புத்துரை.

துடைப்பாவது, குளிர்பெட்டியிலிருந்து வந்த பால் பாக்கெட்டைத் துப்பட்டாவிலோ சட்டை நுனியிலோ ஒற்றுதல். இதற்கு அறிவியல் துணை உண்டு: பாக்கெட்டின் மேல் பூத்த நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கும், துடைத்தால் படிக்கும். துப்பட்டாவா சட்டையா என்பதில் வடகலை, தென்கலை அளவுக்குப் பூசல் உள்ளது. 'மேசைத் துடைப்பு விளக்கம்' (பழம்பதிப்பு, முன்பக்கமும் பின்பக்கமும் இல்லை, நடுவில் எண்ணெய்க் கறை) இரண்டும் ஏற்புடையதே என்று நழுவுகிறது.

இழுப்பாவது, காற்று நிறைந்த சிப்ஸ் பாக்கெட்டை இருபுறமும் பிடித்து விறைப்பாக நீட்டுதல். ஒளிக்கோடு எல்லாக் கோடுகளையும் ஒரே வீச்சில் கடக்க வேண்டும். நடுவில் மடிப்பு விழுந்தால் கருவிக்கு வழி அடைபடும். கோட்டின் இருபுறமும் வெற்றிடம் வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது. அந்த வெற்றிடத்தில்தான் கடைக்காரர் 'சலுகை விலை' ஸ்டிக்கரை ஒட்டுவார். தலைகீழாகக் காட்டினாலும் கருவி படிக்கும். ஆகவே பாக்கெட்டை நிமிர்த்திப் பிடிக்கும் உழைப்பு வீண். மாறாக, வழவழப்பான பாக்கெட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் ஒளி எதிரடித்துக் கருவியின் கண்ணைக் கூச வைக்காது.

ஊதலாவது, கோட்டின் மேல் வாயால் ஊதுதல். பயன் இல்லை. 'ஆயினும் ஊதுக' என்கிறது 'ஊதற் படலம்' (மூலம் கிடைக்கவில்லை, உரை கிடைக்கவில்லை, உரைக்கு எழுந்த மறுப்பின் மறுப்பு மட்டும் கிடைத்துள்ளது).

தட்டலாவது, கருவியின் தலையில் அடித்தல். டிவி ரிமோட் காலத்து எச்சம் என்பார் சிலர். அதற்கும் முந்திய ரேடியோ காலத்தது என்பார் பலர். இவ்வழக்கைத் தீர்க்கவல்ல ஒரே நூல் 'தட்டற் கோவை'. அது பில் ரோலில் எழுதப்பட்டது. பாதியில் ரோல் தீர்ந்ததால் பின்பாதி எழுதப்படவில்லை. தெர்மல் தாள் என்பதால் முன்பாதி வெளுத்துவிட்டது. வெளுத்த பகுதியில் என்ன இருந்திருக்கும் என்பது குறித்து மூன்று பாடபேதங்கள் உள்ளன. நான்காவதை அடுத்த பதிப்பில் நாம் வெளியிடுவோம்.

சிவப்பு மையில் அச்சிட்ட கோட்டுக்கு இந்த ஆறு சடங்குகளும் உதவா. கருவியின் ஒளி சிவப்பு. சிவப்பு மை அவ்வொளியை வெள்ளைத் தாள் போலவே திருப்பி அனுப்பும். கருவியின் கண்ணுக்கு அங்கே கோடே இல்லை. லேபிள் அச்சடிப்போர் இதை மனப்பாடம் செய்க.

கூவலே இறுதிச் சடங்கு: "அக்கா, இது ஸ்கேன் ஆகலைக்கா, வேற பாக்கெட் எடுத்துட்டு வாங்களேன்!" வரிசையில் நிற்போர் அனைவரும் அந்த அக்காவைத் திரும்பிப் பார்ப்பர். அவர் எடுத்து வரும் பாக்கெட்டும் படிக்காது. பிறகு பதின்மூன்று எண்ணையும் கையால் தட்டுவார்கள். கோட்டுக்கு அடியில் எண்ணை அச்சிட்டிருப்பது அதற்காகத்தான் என்ற உண்மை, ஆறு சடங்கும் முடிந்தபின்பே நினைவுக்கு வர வேண்டும் என்பது மரபு.

9. நூல்களின் கோடு

புத்தகங்களின் கோடு பெரும்பாலும் 978இல் தொடங்கும், அதுவே ஐஎஸ்பிஎன். நம் நாட்டில் இவ்வெண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இது நூலை அடையாளம் காட்டும் எண். உள்ளே இருப்பது நன்றா தீதா என்று சொல்லும் சான்றிதழ் அன்று. ஆயினும் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளின் பின்னட்டையில் இக்கோடு நெற்றித் திலகம் போல் துலங்குவதையும், அதைக் காட்டிப் பதவி உயர்வு மதிப்பெண் கேட்கப்படுவதையும் ஆய்வுலகம் அறியும். அக்கோட்டை எந்தக் கருவியும் படித்ததாகத் தெரியவில்லை, ஏனெனில் அத்தொகுதியை எந்தக் கடையிலும் யாரும் வாங்குவதில்லை. எடைக்குப் போகும்போது அதைப் படிப்பது தராசு.

10. முடிவுகள்

கோட்டின் மேல் காட்டினால் கருவி படிக்கும் என்ற கருதுகோள் நிறுவப்பட்டது. நோட்பேடில் சோதித்து, என்டர் சேர்த்து, கர்சரைச் சரியான கட்டத்தில் வைத்து, பாக்கெட்டை விறைப்பாகப் பிடித்தால் போதும். மீதியெல்லாம் எம் போன்றோர் பிழைப்பு. கடைக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பெட்டியில் வரும் அந்த மடிப்புத் தாளை எறியாதீர்கள். கல்லாவுக்குள், பழைய பில் புத்தகத்தின் அடியில் பத்திரமாக வையுங்கள்.